ஓடுபாதையில் ஒரு முகூர்த்தம்

முதல்ல ஒண்ணை எழுதிக்க தாயி. எம் பொண்ணு கல்யாணம் நடந்துச்சு. நின்னு போச்சுன்டு இந்நேரம் எவனாவது உங்கிட்டச் சொல்லியிருப்பான். இந்த உசிலம்பட்டியில பாதிப்பேரு அப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியிறாய்ங்க. நின்னு போகல. குறிச்ச நேரத்துல, குறிச்ச பொண்ணு கழுத்துல, கட்ட வேண்டியவ கையால தாலி ஏறுச்சு. ஏத்த வச்சது நான். இதை மேல எழுதிக்கிட்டு அப்புறம் மத்ததைக் கேளு.

வீட்டுக்குப் போக வேணாம், இந்த ஷெட்டுலயே உக்காந்து பேசுவோம். வீட்டுல மருமக காதைத் தீட்டிக்கிட்டு நிப்பா. அந்த டயர் மேல உக்காராத, கிரீஸ் ஒட்டிக்கிரும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்க.

மெட்ராஸ் பத்திரிகைன்டதுமே தெரிஞ்சு போச்சு, எதுக்கு வந்திருக்கன்டு. பிளேனைக் கடத்துன கதை. வருசம் ஓடிப்போச்சு, இன்னும் ஆளு வருது. வர்றவுக எல்லாம் அந்தப் பயலுக எப்படி இருந்தாய்ங்க, துப்பாக்கி எப்படி இருந்துச்சு, அதையே கேக்குறாக. என்னையப் பத்தி கேக்குறது இல்ல. கேட்டா, அந்தக் குலவையைப் பத்திக் கேக்குறாக. குத்தம் சொல்ற மாதிரி. நீ எப்படின்டு இனிமேதான் தெரியும்.

நான் எப்படிப்பட்ட பொம்பளைன்டு முதல்ல சொல்லிர்றேன். எங்க வீட்டுக்காரர் மாரடைப்புல போனப்ப எனக்கு ஒரு பொண்ணு, ஒரு பையன், ரெண்டு பஸ். உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் ஓடுற வண்டி. கொழுந்தன் வந்து, ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்குவம் மதினி, நான் தனியாப் போயிக்கிறேன்டான். முடியாதுன்டேன். ஒண்ணா இருந்தாத்தான் அது கம்பெனி. பிரிச்சா ரெண்டும் நொண்டி. அவன் இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசுறதில்ல. பேச வேணாம். வண்டி ரெண்டும் ஒண்ணா ஓடுச்சுல்ல.

தனியார் வண்டிக்கு உசுரே டைமிங்தான் தாயி. நம்ம நேரத்துக்கு நாம எடுக்கலைன்டா பின்னாடி வர்ற கம்பெனிக்காரன் ஜனத்தை அள்ளிக்கிட்டுப் போயிருவான். பஸ் ஸ்டாண்டுல கைகலப்பு நடக்குறது எல்லாம் இதுக்குத்தான். ஒருக்கா எங்கூடப் பிறந்த தம்பியே கையைக் காட்டிக்கிட்டு ஓடி வர்றான். நான் முன்சீட்டுல உக்காந்திருக்கேன். டிரைவர் என் மூஞ்சியைப் பாக்குறான். எடுடான்டேன். நேரம்ன்டா நேரம். என் பொழப்பு அது. அதை எவனும் எனக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல.

இனி கல்யாணத்துக்கு வர்றேன். எம் மக பேரு தவமணி. மதுரையில காலேஜ் முடிச்சா. வாத்தியார் வேலைக்குப் படிக்கணும்ன்டு எழுதிப் போட்டு, அதுக்கு ஒரு காலேஜுல இடமும் கிடைச்சிருந்துச்சு. அந்த நேரம் பார்த்து பால்ச்சாமி வரன் வந்துச்சு. பட்டாளத்துக்காரன். சொந்தம், சொத்து, உசரம், எதுலயும் குறை சொல்ல முடியாது. சரின்டுட்டேன்.

அவகிட்டக் கேட்டியான்டு நீ கேப்ப. கண்ணைப் பாத்தாலே தெரியுது. சொன்னேன் தாயி, அவகிட்டச் சொன்னேன். வேணாம்மான்டு ஒரே ஒரு தடவை சொன்னா. அடுப்படியில, நான் குழம்பு தாளிச்சுக்கிட்டு இருக்கப்ப. அப்புறம் சொல்லவே இல்ல. வேணாம்ன்டு நெசமா நினைக்கிறவ திரும்பத் திரும்பச் சொல்லணுமா இல்லையா? அழுகணும், சாப்புடாமக் கிடக்கணும், எதையாச்சும் போட்டு உடைக்கணும். ஒண்ணும் செய்யல. வாயை மூடிக்கிட்டா. வாயை மூடிக்கிட்டாச் சம்மதம்தானே. நான் என் கல்யாணத்துக்குச் சம்மதிச்சதும் அப்படித்தான்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கல. வடக்கே மலையில இருந்தாரு. அந்த நேரம் அங்கிட்டு ஒரே ரகளை. தனி நாடு வேணும்ன்டு ஒரு கூட்டம் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சுச்சு. பட்டாளத்துல ஒருத்தனுக்கும் லீவு இல்லைன்டுட்டாக. அவுக கேம்புக்குப் பக்கத்துல நம்ம பக்கத்துப் பயலுக சேந்து கட்டுன முருகன் கோயில் ஒண்ணு இருக்கு, பொண்ணைக் கூட்டிக்கிட்டு வந்தா, அங்கேயே முடிச்சுக்கலாம்ன்டு எழுதியிருந்தாரு. நல்லதுன்டு கிளம்பிட்டேன். நானு, தவமணி, மாப்பிள்ளையோட அக்கா ஒச்சம்மா. பையனை வண்டியைப் பாத்துக்கன்டு விட்டுட்டேன்.

ஒச்சம்மா எதுக்குன்டா, எங்க ஆளுகள்ல தாலி கட்டுறது மாப்பிள்ளை இல்ல. மாப்பிள்ளையோட கூடப்பிறந்தவ. அவதான் முடிச்சுப் போடணும். உங்க பக்கம் வேற மாதிரி இருக்கும். எங்களுக்கு இதுதான் வழக்கம். இதை நல்லா மனசுல வச்சுக்க, பின்னாடி வேணும்.

டெல்லி வரைக்கும் ரயிலு. அங்க போயி இறங்குனா, மலையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சுக்கிச்சுன்டாக. ரெண்டு நாள் ஆகும்ன்டாக. மறுநா காலையில முகூர்த்தம். தவமணி சொன்னா, ரெண்டு நாள் பொறுத்துப் போவம்மா, ரோடு திறக்கட்டும்ன்டு. அதுக்கு மேல மூணு மாசத்துக்கு நல்ல நாள் கிடையாது. பிளேனுக்கு டிக்கெட்டைப் போடுன்டேன். அதுவரைக்கும் நான் பிளேனை அண்ணாந்து பாத்ததோட சரி. நேரம் தப்பக் கூடாதுன்டா என்னத்துலயும் ஏறுவேன்.

ஏறி உக்காந்தோம். தவமணி சன்னலோரம், நடுவுல நானு, இந்தப் பக்கம் ஒச்சம்மா. நடைக்கு அங்கிட்டு நாகர்கோயில்காரப் பொண்ணு ஒண்ணு, எஸ்தர்ன்டு பேரு, வடக்க ஏதோ ஆஸ்பத்திரியில நர்சு. தமிழ் காதுல விழவும் சிரிச்சுக்கிட்டு வந்து பேசுச்சு. சொன்ன நேரத்துக்குப் பிளேனை எடுக்கல, அதையும் குறிச்சுக்க. என் வண்டியா இருந்தா அந்த டிரைவரை அன்னைக்கே நிப்பாட்டியிருப்பேன்.

மேல ஏறுன கொஞ்ச நேரத்துல முன்னாடி இருந்து மூணு பேரு எந்திரிச்சாய்ங்க. ஒருத்தன் பச்சை ஸ்வெட்டர், அவன்தான் தலைவன். ஒருத்தன் கட்டையா, கோழி முழி முழிச்சுக்கிட்டு. இன்னொருத்தன் டிரைவர் ரூமுக்குள்ள போயிட்டான். பச்சை ஸ்வெட்டர்காரன் இந்தியில கத்துறான். ஒரு பெரியவர் எந்திரிச்சு என்னமோ கேட்டாரு. துப்பாக்கிக் கட்டையால மூஞ்சியில ஒரே இடி. மூக்கு உடைஞ்சு சட்டையெல்லாம் ரத்தம். எஸ்தர் துண்டை எடுத்துக்கிட்டுப் போகப் பாத்துச்சு, உக்காருடின்டு அதையும் பிடிச்சுத் தள்ளுனான்.

பயந்தியான்டு கேக்குற. பயந்தேன். இல்லைன்டா பொய். ஒச்சம்மா குலசாமியைக் கூப்புட்டு அழுகுறா. எல்லாருக்கும் உசுரு போயிருமேன்டு பயம். எனக்கு நேரம் போயிருமேன்டு பயம். ரெண்டும் பயம்தான்.

அவய்ங்க கேட்டது என்னன்டு எஸ்தர் சொல்லுச்சு. ஜெயில்ல இருக்கிற எங்க தலைவரை விடணும், எங்க மண்ணை எங்களுக்குத் தனியாக் குடுத்துரணும். அடப் பாவிகளா, தனியாப் போறேன்டு கேக்குறதுக்கு எம் மக கல்யாணத்துப் பிளேன்தானா கிடைச்சுச்சு? தனியாப் போகணும்ன்டு நினைக்கிறவுக எல்லாம் கூட இருக்கிறவுகளை நினைச்சுப் பாக்குறதே இல்ல. எங் கொழுந்தனும் அப்படித்தான்.

பக்கத்து நாட்டுல கொண்டுபோயி இறக்குனாய்ங்க. பொழுது அடையிற நேரம். ஓடுற பாதைக்கு ஓரமா நிப்பாட்டிட்டு, சன்னலை எல்லாம் மூடச் சொல்லிட்டாய்ங்க. சுத்தி அந்த நாட்டு ராணுவம். தவமணி எங்கிட்டக் கேட்டா, "நாளைக்குக் கல்யாணம் நடக்காதுல்லம்மா?" பாவம், கவலையாக் கேட்டா. நான் இருக்கேன்டி, நடக்கும்ன்டேன். ஆனா ஒண்ணு, அன்னைக்கு அவ அந்தச் சீட்டுல சாஞ்சு அம்புட்டு நல்லாத் தூங்குனா. ஊரை விட்டுக் கிளம்புனதுல இருந்து கண்ணு மூடாத பொண்ணு. அசதி.

விடிஞ்சுச்சு. முகூர்த்தம் ஆறுல இருந்து ஏழரைக்குள்ள. கையில எங்க வீட்டுக்காரர் வாட்சு, அதையே பாத்துக்கிட்டு இருக்கேன். இந்த நாட்டு நேரம் வேற, நம்ம வாட்சு இங்க சரியா வராதுன்டு எஸ்தர் சொல்லுச்சு. இந்தப் பிளேன் எந்த நாட்டுல நின்னா என்னம்மா, நாள் குறிச்சது உசிலம்பட்டியிலன்டேன்.

அப்பத்தான் வெளியில இருக்கிறவுகளோட என்னமோ பேசி முடிச்சிருப்பாய்ங்க போல. முன்கதவைத் திறந்தாய்ங்க. ஏணியைக் கொண்டாந்து வச்சாக. பொம்பளைங்களும் பிள்ளைகளும் இறங்கலாம்ன்டான் பச்சை ஸ்வெட்டர். முன்வரிசையில இருந்து ஒவ்வொருத்தரா எந்திரிச்சு அழுதுக்கிட்டே ஓடுறாக. ஒச்சம்மா எந்திரிச்சுட்டா. தவமணியும் எந்திரிச்சுட்டா.

நான் எந்திரிக்கல.

யோசிச்சுப் பாரு தாயி. கீழ இறங்குனா என்ன நடக்கும்? அந்த ஊரு போலீஸு வேன்ல ஏத்திக்கிட்டுப் போவான். பேரு என்ன, ஊரு என்ன, ஆளுக்கொரு கேள்வி. ஏழரை தாண்டிரும். மூணு மாசம் தள்ளிப்போச்சுன்டா என்ன ஆகும்? அதுக்குள்ள அந்தக் காலேஜு திறந்துரும். இவ போறேன்டு நிப்பா. பெறகு பிடிக்க முடியுமா? கட்டுறவ பக்கத்துல இருக்கா. கட்டிக்கிறவ இருக்கா. தாலி என் இடுப்புச் சுருக்குப்பையில இருக்கு. வேற என்ன வேணும்? மாப்பிள்ளைதான் இல்ல. எங்க வழக்கத்துக்கு அவரு அந்த நேரத்துல கையைக் கட்டிக்கிட்டு நிக்கப்போறவருதான.

தாலியை எடுத்து அவ கையில குடுத்து, "ஒச்சம்மா, கட்டு"ன்டேன்.

"யத்தே, என்ன பேசுறீக? கதவு திறந்திருக்கு. போயிருவம் யத்தே."

"கட்டிட்டுப் போவம். கட்டு."

தவமணி என்னையப் பாத்தா. "அம்மா, வழி விடும்மா"ன்டா. நான் நடுவுல இருக்கேன்ல, என்னையத் தாண்டித்தான் அவ போகணும். முழங்காலை முன்சீட்டுல முட்டுக் குடுத்து உக்காந்துக்கிட்டேன். பின்வரிசைப் பொம்பளைங்க கத்துறாளுக. ஒச்சம்மா நடையில நிக்கிறதால அவளுகளும் போக முடியல.

பச்சை ஸ்வெட்டர்காரன் வந்துட்டான். என்ன ரகளைன்டு கேக்குறான். எஸ்தர் இந்தியில எடுத்துச் சொல்லுச்சு. அவன் தாலியைப் பாக்குறான், என்னையப் பாக்குறான். பெறகு தவமணியைப் பாத்து ஒண்ணு கேட்டான். எஸ்தர் சொல்லுச்சு, "பொண்ணுக்கு இஷ்டமான்னு கேக்கான் அம்மா."

இவன் யாரு தாயி அதைக் கேக்குறதுக்கு? சொந்தமா, பந்தமா? அம்புட்டுச் சனத்தை இஷ்டமா கஷ்டமான்டு கேட்டா பிடிச்சு வச்சான்?

தவமணி அவன்கிட்ட இங்கிலீசுல என்னமோ சொன்னா. ரொம்ப இல்ல, ரெண்டு மூணு வார்த்தை. எனக்கு இங்கிலீசு தெரியாது. எஸ்தரைப் பாத்தேன், அது தலையைக் குனிஞ்சுக்கிச்சு. பச்சை ஸ்வெட்டர்காரன் பின்னாடி திரும்பி, கட்டைப் பயகிட்ட என்னமோ சொன்னான். ரெண்டு பேரும் சிரிச்சாய்ங்க. சிரிச்சுட்டு, சீக்கிரம் முடின்டு எனக்குக் கையைக் காட்டுனான். பாத்தியா? ஒரு நாட்டு ராணுவமே வெளிய காத்துக் கிடக்கு. துப்பாக்கிக்காரனை ஒரு சொல்லுல வழிக்குக் கொண்டாந்தது நான்.

பெறகு ரொம்ப நாள் கழிச்சு எஸ்தர் சொல்லுச்சு. எனக்கு இது வேணாம், இவங்களைத் தடுங்கன்டு தவமணி சொன்னாளாம். அதுக்கு அவன், இது எங்க சண்டை இல்லைன்டு சொல்லிச் சிரிச்சானாம். நான் நம்பல. எஸ்தருக்கு என் மேல என்னமோ காட்டம். அது சொல்றதை எல்லாம் எழுதாத.

ஒச்சம்மா கட்டப் பாக்குறா. முடிச்சு விழுகவே மாட்டேங்குது. தவமணி கல்லு மாதிரி நிக்கிறா. மணி இருக்குடி, நிதானமாப் போடுன்டேன். மூணு முடிச்சும் விழுந்துச்சு. விழவும் நான் குலவை போட்டேன்.

குலவை இல்லாம ஒரு கல்யாணம் உண்டா தாயி? மேளம் இல்ல, சொந்தம் பந்தம் இல்ல, அட்சதை போட ஒரு ஆளு இல்ல. பெத்தவ வாயில இருந்து ஒரு குலவைகூடவா இல்லாமப் போகணும்? நாக்கைச் சுழட்டி, அடிவயித்துல இருந்து போட்டேன். எங்க ஊருத் திருவிழாவுல என் குலவை மூணு தெருவுக்குக் கேக்கும்.

அந்தக் கட்டைப் பய அவன் ஆயுசுல குலவையைக் கேட்டிருக்க மாட்டான். என்னமோ ஏதோன்டு மிரண்டு, டமார்ன்டு கூரையில சுட்டுட்டான். வெளியில நின்ன ராணுவத்துக்கு என்ன கேட்டுச்சு? ஒரு பொம்பளை அலறுற சத்தம், பின்னாடியே வெடிச்சத்தம். உள்ள கொல்றாய்ங்கன்டு நினைச்சு அவுக பிளேனைப் பாத்து ஓடியாந்தாக. அதைப் பாத்து இவய்ங்க கதவைச் சாத்தப் போனாய்ங்க. ஒரே தள்ளுமுள்ளு. சாப்பாடு குடுக்கிற பிள்ளை ஒண்ணு விழுந்து கை ஒடிஞ்சு போச்சு. பச்சை ஸ்வெட்டர்காரன் என் கொண்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி ஏணியில தள்ளுனான். ஒச்சம்மாவையும் பின்னாடியே தள்ளிவிட்டான். என்னைய உள்ள வச்சுச் சமாளிக்க முடியாதுன்டு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. கதவைச் சாத்திட்டாய்ங்க.

உள்ள தவமணி, எஸ்தர், பின்வரிசைப் பொம்பளைங்க அத்தனை பேரும்.

இதைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாக. இவ குலவையாலதான் மத்த பொம்பளைங்க மாட்டிக்கிட்டாக, அந்தப் பிள்ளை கை ஒடிஞ்சுச்சுன்டு. எம் மூஞ்சிக்கு நேராவே திட்டுனாக. சுட்டது நானா? கதவைச் சாத்துனது நானா? துப்பாக்கி வச்சிருந்தவன் மேல குத்தம் இல்ல, குலவை போட்டவ மேல குத்தமா? அந்தப் பிள்ளைக்காக வருத்தப்பட்டேன். நேர்ந்துக்கிட்டேன், அடுத்த வருசம் கோயில்ல கிடாயும் வெட்டுனேன். ஆனா குலவை போட்டது தப்புன்டு எவன் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

கீழ இறங்குன பொம்பளைங்களை எல்லாம் வேன்ல ஏத்துனாக. நான் ஏறல. கையைப் பிடிச்சு இழுத்தாக, உக்காந்துட்டேன். ஒச்சம்மாவை மட்டும் கூட்டிக்கிட்டுப் போனாக. என்னைய வேலிக்குப் பக்கமாத் தள்ளி நிப்பாட்டி, காவலுக்கு ஒருத்தனைப் போட்டாக. செருப்பு பிளேன்லயே போச்சு. தார் ரோடு, நல்ல வெயிலு. எம் மக இருக்கிற சன்னலையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

பொழுது சாயிறதுக்கு முன்னாடி மறுபடி கதவு திறந்துச்சு. மிச்சப் பொம்பளைங்களை விட்டாய்ங்க. ஒருத்தி, ரெண்டு பேரு, இன்னும் ரெண்டு பேருன்டு இறங்குறாக. கடைசியா எஸ்தர். அதுக்குப் பின்னாடி ஒருத்தரும் இல்ல. ஏணியை எடுக்கப் போறாக.

எம் மக எங்கடின்டு எஸ்தர் கையைப் பிடிச்சேன். அது சொல்லுது, "நான் கூப்பிட்டேன் அம்மா. பச்சை ஸ்வெட்டர்காரனே போ போன்னு சொன்னான். அவ பெல்ட்டை மாட்டிக்கிட்டு உக்காந்துட்டா. வர மாட்டேன்னுட்டா."

பொய். பிடிச்சு வச்சுக்கிட்டாய்ங்க. அழகா, வயசுப் பொண்ணா இருந்தா விடுவாய்ங்களா? பத்திரிகைக்காரங்ககிட்ட அன்னைக்கே அதைத்தான் சொன்னேன், இன்னைக்கும் அதைத்தான் சொல்றேன். நான் அங்க நின்னு கத்துறேன், "தவமணி, இறங்கி வாடி, அம்மா இங்கதான் நிக்கிறேன்." அவ சன்னல் மூடி மேல போச்சு. அவ முகம் தெரிஞ்சுச்சு. கையைக் காட்டுனேன். பாத்தா. என்னையத்தான் பாத்தா. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. பெறகு மூடியை இழுத்து விட்டுட்டா. மேக்க வெயிலு நேரா அடிச்சுச்சு, கண்ணு கூசியிருக்கும்.

மறுநா அவய்ங்க துப்பாக்கியைப் போட்டுட்டு வெளிய வந்துட்டாய்ங்க. எல்லாரையும் டெல்லிக்குக் கொண்டாந்து சேத்தாக. ஒரு உசுருக்கும் சேதமில்ல. மாப்பிள்ளை எப்படியோ லீவு வாங்கிக்கிட்டு வந்து மாலையோட நிக்கிறாரு. தவமணி அவரைத் தாண்டி நேரா ஒச்சம்மாகிட்டப் போனா. கழுத்துல கட்டுனதை அவளே அவுத்து, ஒச்சம்மா கையில வச்சா. "மதினி, நீங்க கட்டுனது. நீங்களே வச்சுக்கங்க"ன்டா. கோபமாக்கூடச் சொல்லல.

அன்னைக்கே எஸ்தரோட போயிட்டா. நாகர்கோயில்ல அது வீட்டுல தங்கித்தான் படிச்சா. இப்ப அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவதான் எச்செம், தலைமை டீச்சரு. பால்ச்சாமி மறு தையில வேற பொண்ணைக் கட்டிக்கிட்டாரு. எங்க கணக்குக்கு அது ரெண்டாங்கட்டு. நீ சிரிச்சாலும் அப்படித்தான். தாலி அவுந்து போச்சுன்டு சொல்லு, ஒத்துக்கிறேன். ஏறலைன்டு சொல்லாத.

என்ன கேக்குற? அவ ஏன் இறங்கலைன்டா? நான்தான் சொன்னேனே, பிடிச்சு வச்சுக்கிட்டாய்ங்கன்டு. அவளே சொல்லியிருப்பாளேன்டு கேக்குறியா.

எஸ்தரைப் பாத்துட்டுத்தான் இங்க வந்திருக்க, அப்படித்தானே? சரி. அதையும் சொல்லிர்றேன். அடுத்தவ வாயில இருந்து வர்றதுக்கு என் வாயிலயே வரட்டும்.

டெல்லியில ஏர்போட்டுல ஒரு பெரிய ஹாலு. வந்தவுக எல்லாரும் உக்காந்திருக்கோம். ஒரு ஆபீசர் ஒவ்வொருத்தரையாக் கூப்புட்டு விசாரிக்கிறாரு. பக்கத்துல தமிழ் தெரிஞ்ச இன்னொரு ஆபீசர். தவமணியைக் கூப்புட்டாக. நான் அவளுக்குப் பின்னாடியே போயி நின்னேன். பொம்பளைங்களை எல்லாம் விட்டப்பறம் உன்னைய மட்டும் எதுக்கும்மா பிடிச்சு வச்சாங்க, உன்னைய மிரட்டுனாங்களான்டு கேட்டாரு. இல்லைன்டா. தொந்தரவு செஞ்சாங்களான்டாரு. இல்லைன்டா. அப்ப நீ ஏம்மா இறங்கலைன்டாரு.

"கீழ எங்கம்மா நின்னாங்க"ன்டா.

அம்புட்டுத்தான். தமிழ் தெரிஞ்ச ஆபீசர் அதை இங்கிலீசுல சொல்லலாமா வேணாமான்டு முழிக்கிறாரு. தமிழ் தெரிஞ்ச நாலைஞ்சு பேரு அங்க இருந்தாக. என்னையத் திரும்பிப் பாத்தாக. பிளேன்ல அந்தப் பச்சை ஸ்வெட்டர்காரனை எப்படிப் பாத்தாகளோ, அதே பார்வை. அவன் அந்தப் பார்வைக்கு எப்படி நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னானோ, நானும் அப்படியேதான் நின்னேன். உள்ள என்ன பட்ட பாடுன்டு எனக்கும் அந்த மாரியாத்தாளுக்கும்தான் தெரியும். வெளிய காட்டல.

நின்னேன் தாயி. ஆமா, நின்னேன். அதை அவ சொன்ன மாதிரியே எழுதிக்க. ஒரு எழுத்தைக்கூட மாத்தாத. சுடுற தாருல, வெறுங்காலோட, சுத்தி அந்நிய நாட்டுத் துப்பாக்கி நிக்க, எம் மக இறங்கி வரணும்ன்டு நின்னேன். பெத்தவ நிக்காம வேற எவ வந்து நிப்பா? இன்னைக்கும் அவ வர்றேன்டு ஒரு வார்த்தை சொல்லி விடட்டும். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுல, அந்த மண்டையைப் பிளக்குற வெயில்ல போயி நிக்கிறேன். எந்தக் கம்பெனி வண்டியில வந்தாலும் நிக்கிறேன். எந்த நேரத்துக்கு வந்தாலும் நிக்கிறேன்.

அவதான் இறங்க மாட்டேங்கிறா.